கொப்பி எழுதினால் கடன் தீருமா?

நாடகத்தின் கடைசிக் காட்சியில் அம்மா கொப்பியை மூடுவார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் வந்து நிற்பார்கள். அப்பா வேலையால் வந்து மாதச் சம்பளத்தை முழுசாக அம்மாவின் கையில் கொடுப்பார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு. வரவுக்குள் செலவை வைத்தால் வீடு சிரிக்கும் என்கிற மாதிரி நாலு வரி. சனம் கைதட்டும். நிறுவனத்தின் பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுப்போம். சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு வானில் ஏறி அடுத்த ஊருக்குப் போவோம்.

ஓம், போவோம் என்றுதான் எழுதுகிறோம். இது நாங்கள் பார்த்த நாடகம் இல்லை, நடித்த நாடகம். கலைப்பீடத்தில் படிக்கிற ஏழு பேர், வன்னியில் பதினொரு ஊர்கள், ஊருக்கு ஒரு ஆற்றுகை. பொதுநோக்கு மண்டபம், முன்பள்ளி முற்றம், ஒரு இடத்தில் மாமரத்துக்குக் கீழே. தலைப்பு 'குடும்பப் பொருளாதார விழிப்புணர்வு'. எழுத்துரு நிறுவனத்திடம் இருந்து வந்தது. ஆற்றுகைக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் தந்தார்கள், நாங்கள் வாங்கினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை.

கதை இதுதான். ஒரு குடும்பம். அப்பா குடிக்கிறார், புது போன் வாங்குகிறார். அம்மா மகளின் சாமத்திய வீட்டை ட்ரோன் கமரா பிடித்துப் பெரிசாகச் செய்கிறார். மகன் மோட்டார் சைக்கிள் கேட்டு அடம்பிடிக்கிறான். கடன் ஏறுகிறது. வீட்டில் சண்டை. அப்போது வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு அலுவலர் வருகிறார். அம்மாவின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து 'வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்' என்று காட்டிக் கொடுக்கிறார. அம்மா எழுதத் தொடங்குகிறார். அடுத்த காட்சியில் கடன் இல்லை. அதற்கடுத்த காட்சியில் உண்டியல் நிறைகிறது. நாற்பது நிமிசம்.

எங்களுக்கு முதல் ஏழு ஊரிலும் ஒன்றும் உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். உறுத்தியது. ஆனால் 'நல்ல கருத்துத்தானே' என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டோம். எட்டாவது ஊரில் அது முடியாமல் போனது.

நாடகம் முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். எங்களில் அம்மாவாக நடித்தவளிடம் போய்க் கேட்டார்: "தங்கச்சி, உங்கட கொப்பியில அப்பிடி என்ன எழுதினீங்கள், கடன் போறதுக்கு?"

எங்கள் கொப்பி வெறும் கொப்பி. மேடைப் பொருள். ஒரு எழுத்தும் இல்லை. அவள் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. "நானும் எழுதிறனான். நாலு வரிசமா எழுதிறன். நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து எங்கள் கையில் தந்தார்.

அந்தக் கொப்பியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் பக்கத்தில் இருந்தே கோடு அடித்து எழுதியிருந்தது. வரவு: களை பிடுங்கப் போன நாட்கள், கச்சான் ஆயப் போன நாட்கள், கோழி முட்டை விற்றது. வேலை இல்லாத நாட்களுக்கு நேரே சின்னதாக ஒரு கோடு. மழை மாதத்தில் பக்கம் முழுக்க அந்தக் கோடுதான். செலவு: சீனி 250 கிராம். தேங்காய் பாதி, மற்றப் பாதி பக்கத்து வீடு. மகளுக்கு ரியூசன் காசு. பனடோல் இரண்டு. ஒவ்வொரு வியாழக்கிழமைக்கு நேரேயும் 'கட்டு' என்று எழுதி ஒரு தொகை. சில வியாழனில் 'கட்டு' என்பதற்குப் பக்கத்தில், யாரிடம் மாறிக் கட்டியது என்று ஒரு பெயர். 'மகன் சப்பாத்து, அடுத்த மாதம்' என்ற வரி நாலு மாதம் அடுத்தடுத்து வந்தது. ஐந்தாம் மாதம் அந்த வரி இல்லை. சப்பாத்து வாங்கினீங்களா அக்கா என்று கேட்டோம். "இல்லை, எழுதிறதை விட்டிட்டன்" என்றார்.

குடி இல்லை. போன் இல்லை. ட்ரோன் இல்லை. மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்க அந்த வீட்டில் அப்பாவும் இல்லை. போர் முடிந்த நாட்டில், பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர்களுக்குப் போய், 'அப்பா சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்தால் எல்லாம் சரி' என்று நாங்கள் நடித்துக் காட்டியிருக்கிறோம். முன்வரிசையில் இருந்து பார்த்தவர்களின் பொறுமையை இப்போது நினைத்தால் எங்களுக்கே கூசுகிறது.

கடன் எப்படி வந்தது என்று கேட்டோம். அவர் சொன்ன கதை வன்னியில் எந்த ஊரிலும் கேட்கலாம். வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கிடைத்தது. அதில் வீடு முடியவில்லை. கூரைக்கும் நிலத்துக்கும் முதல் கடன். அந்தக் கடனைக் கட்ட இரண்டாவது நிறுவனத்தில் கடன். இரண்டையும் கட்ட மூன்றாவது. நகை ஈட்டில் போய், மீளாமல் போனது. ஆடம்பரம் என்று சொல்ல அதில் இருந்தது ஒரு கூரை மட்டும்தான்.

இனி நாடகத்துக்கு வருவம்.

எங்கள் நாடகத்தில் அப்பா, அம்மா, மகள், மகன், பக்கத்து வீட்டுக்காரி, கடைக்காரர், அலுவலர் எல்லோரும் உண்டு. ஒரே ஒருவர் இல்லை: கடன் கொடுத்தவர். நாற்பது நிமிசமும் கடனைப் பற்றியே பேசுகிற நாடகத்தில், கடன் கொடுத்தவருக்குப் பாத்திரம் இல்லை, வசனம் இல்லை. வட்டி எவ்வளவு என்று ஒரு இடத்திலும் யாரும் கேட்பதில்லை. கடன் ஏதோ காய்ச்சல் மாதிரி வீட்டுக்குள் வருகிறது, அம்மாவின் கவனயீனத்தால் கூடுகிறது, கொப்பி எழுதியதும் மாறிப்போகிறது. மேடைக்கு வராதவரில் குற்றம் சாட்ட முடியாது. மேடையில் நிற்கிறவர் அம்மா மட்டும்தான் என்றால், சனம் அம்மாவைத்தான் பார்க்கும்.

சரி, நிதி அறிவு தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவை. ஆனால் இந்த நாடகம் அதைக் கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. உண்மையில் சொல்லிக் கொடுப்பதென்றால் இதைச் சொல்லியிருக்க வேண்டும்:

50,000 ரூபாய் கடன், ஒரு வருசம், வட்டி 24 வீதம் என்று வைப்போம். வட்டி 12,000. மொத்தம் 62,000. அதை 52 கிழமையாகப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய். கேட்கிறதுக்கு நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் அரை வருசம் முடியும்போது அசலில் பாதிக்குக் கிட்டக் கட்டி முடித்திருப்பீர்கள். வட்டி மட்டும் கடைசிக் கிழமை வரை முழு 50,000 ரூபாய்க்கும் எடுக்கப்படுகிறது. கையில் மிச்சமாக இருக்கிற கடனுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், அந்த 24 வீதம் உண்மையில் ஏறத்தாழ 44 வீதம். இதைச் சொல்ல மேடையில் மூன்று நிமிசமும் ஒரு கரும்பலகையும் போதும். அந்த மூன்று நிமிசம் எழுத்துருவில் இல்லை. சாமத்திய வீட்டு ட்ரோன் காட்சிக்கு ஏழு நிமிசம் இருந்தது. அதுக்குத்தான் சனம் சிரிச்சது.

இரண்டாவது விசயம், காலம். நாடகம் எந்த வருசத்தில் நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் விலை ஏறுவதே இல்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் 2022 ஐக் கடந்து வந்த சனம். அந்த வருசம் மார்ச்சில் ரூபாய் விழத் தொடங்கியது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். ஒரு வருசத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாய். வருசத் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி, 2024 ஜனவரியில் 18 வீதம். இந்த இடைவெளியில் களை பிடுங்குகிற ஒரு பெண்ணின் நாட்கூலி இரண்டு மடங்காகியதா? அக்காவின் கொப்பியில் பார்த்தோம். இல்லை. அப்ப எந்தப் பக்கத்தில எதை வெட்டுறது? தேங்காய் ஏற்கனவே பாதிதான்.

சேமிப்பு என்பது மிச்சம். மிச்சம் இல்லாத இடத்தில் 'சேமியுங்கோ' என்று சொல்வது அறிவுரை இல்லை, அவமானப்படுத்தல்.

மூன்றாவது விசயம்தான் எங்களுக்கு முக்கியம். பொருளாதாரத்துக்கான ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் 'வீட்டு நிர்வாகம்' என்று விரிவுரையில் படித்திருக்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்டையும் வீட்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள்: வீடு போலத்தான் நாடும், வரவுக்கு மிஞ்சிச் செலவழித்தால் இப்படித்தான், எல்லோரும் பட்டியை இறுக்குங்கோ. சரி, அப்படியே எடுத்துக்கொள்வோம். வீடும் நாடும் ஒன்றென்றால் இரண்டும் கடன் கட்டாமல் விட்டபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2019 முடிவில் அரசாங்கம் வரிகளைப் பெரிய அளவில் குறைத்தது. வற் 15 இல் இருந்து 8 வீதத்துக்குப் போனது. தன் வரவைத் தானே வெட்டிய வீடு இது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அதே அரசு அறிவித்தது. பிறகு? பேச்சுவார்த்தை. ஆலோசகர்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் ஒப்பந்தம். 2024 டிசம்பரில் பத்திரங்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டு, அசலில் ஒரு பகுதி தள்ளுபடியாகி, காலமும் நீட்டப்பட்டது. இடையில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியத்தில் கை வைத்தார்கள், வங்கிகளின் பத்திரங்களை விட்டுவிட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் ஒழுங்காகச் சேமித்த காசு அது. கொப்பி எழுதாமலே சேமித்தவர்கள் அவர்கள்.

கட்ட முடியாது என்று சொன்ன நாட்டுக்கு ஒரு மேசை போட்டுக் கதிரை கொடுத்தார்கள். கட்ட முடியாது என்று சொன்ன அக்காவுக்கு என்ன நடந்தது? வியாழக்கிழமை பின்னேரம் வந்தவர்கள் இருட்டும் வரைக்கும் முற்றத்தில் இருந்து எழும்பவில்லை. அவரோடு குழுவாகக் கையெழுத்து வைத்த மற்றப் பெண்கள் அவருக்காகக் கட்ட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்களில் இரண்டு பேர் அவரோடு கதைப்பதில்லை. கடனை விட அதுதான் தனக்குக் கனம் என்றார்.

நாட்டுக்கு மறுசீரமைப்பு, வீட்டுக்கு விழிப்புணர்வு நாடகம். நாங்கள் நடித்தது இதைத்தான்.

இதை யாரும் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்ச எல்லையும் வந்தது. பிரச்சினை பெண்களின் செலவில்தான் என்றால் இவை எதற்கு? 2021 மார்ச் 8, பெண்கள் தினத்தில், பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடவில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வாரக்கணக்கில் இருந்தார்கள். கடனை ரத்துச் செய் என்றார்கள். அவர்கள் பேசிய மொழி சிங்களம். அவர்களின் கொப்பியும் அக்காவின் கொப்பியும் ஒன்றுதான். எங்கள் நாடகத்துக்கு இது எதுவும் தெரியாது. தெரியாதது போல இருப்பதற்குத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நண்பர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்.

ஒன்று: 'எங்கட சனத்திட்ட ஆடம்பரம் இல்லையா? குடி இல்லையா?' இருக்கு. நிறைய இருக்கு. சாமத்திய வீட்டுக்குக் கடன்பட்ட குடும்பங்களை எங்கள் சொந்தத்திலேயே தெரியும். கசிப்பு அழித்த வீடுகளும் தெரியும். அதைப் பற்றி நாடகம் போடத்தான் வேண்டும். ஆனால் அது வேறு நாடகம். நூறு வீட்டில் பத்து வீட்டின் கதையை எடுத்து, நூறு வீட்டின் கடனுக்கும் காரணம் இதுதான் என்று காட்டுவதைத்தான் எதிர்க்கிறோம். இன்னொன்று, அந்தப் பத்து வீட்டிலும் கூட, கட்ட வழியில்லை என்று தெரிந்தே வீடு தேடிப் போய்க் கடன் கொடுத்தவரை யாரும் 'ஊதாரி' என்று சொல்வதில்லை.

இரண்டு: 'காசு வாங்கி நடிச்சுப்போட்டு இப்ப எழுதிறது என்ன நேர்மை?' இதுக்கு நேராகவே பதில் சொல்லுறம். அந்த எட்டாவது ஊரில் இருந்து திரும்பும்போது வானில் பேசினோம். கடன் கொடுத்தவர் மேடைக்கு வருகிற ஒரு காட்சியும், வட்டிக் கணக்கைக் காட்டுகிற ஒரு காட்சியும் எழுதி அலுவலரிடம் கொடுத்தோம். அவர் நல்ல மனிதர். வாசித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், இது நல்லா இருக்கு. ஆனா இது அரசியல். நாங்கள் விழிப்புணர்வு மட்டும்தான் செய்யிறம்" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் மூன்று ஊரிலும் பழைய நாடகத்தையே நடித்தோம். கொப்பியை மூடினோம். பாட்டுப் பாடினோம். காசு தேவைப்பட்டது. விடுதிக் காசு, பஸ் காசு. எங்கள் கொப்பியிலும் மிச்சம் இல்லை. அது காரணம், நியாயம் இல்லை.

அரசியல் இல்லாத விழிப்புணர்வு என்று ஒன்று இல்லை. கடனுக்குக் காரணம் அம்மா என்று சொல்வது அரசியல். வட்டியைச் சொல்லாமல் விடுவது அரசியல். எங்கள் காட்சியை வெட்டியதும் அரசியல்தான்.

ஊர் ஊராக நாடகம் கொண்டு போவது எங்களுக்குப் புதிசில்லை. 1985 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் 'மண் சுமந்த மேனிய'ரை ஊர்களுக்குக் கொண்டு போனார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தியது. அதைப் பார்த்தவர்களிடம் இன்றும் கேட்டால், தங்கள் பாட்டைத்தான் மேடையில் பார்த்ததாகச் சொல்வார்கள். அதே சண்முகலிங்கம் எழுதிய 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் வெளிநாடு போனபின் தனித்துப் போன பெற்றோரைப் பற்றியது. வெளிநாட்டுக் காசு ஒரு வீட்டை என்ன செய்தது என்று கேட்கிற குடும்பக் கதை. அதில் பிழை எல்லாம் தாய் தகப்பனில் என்று யாரும் கொப்பி கொடுக்கவில்லை. ஒகஸ்தோ போல் 1973 இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தோடு நாடகம் செய்தபோது, நடிகர்கள் காட்டிய தீர்வு பிடிக்காத ஒரு பெண் தானே மேடைக்கு ஏறிச் செய்து காட்டினார் என்றும், அதில் இருந்துதான் பார்வையாளர் குறுக்கிடும் அரங்கு பிறந்தது என்றும் பரீட்சைக்கு எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். எட்டாவது ஊரில் அந்த அக்கா கொப்பியோடு வந்து நின்றதும் அதே குறுக்கீடுதான். படித்த எங்களுக்கு அது விளங்க வான் ஏற வேண்டியிருந்தது.

இதைக் குற்ற உணர்வுக் கட்டுரையாக முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது, வேறு மாவட்டம், வேறு பதினொரு ஊர். நாங்கள் ஏழு பேரும் போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்களுக்குப் பதிலாக வேறு ஏழு மாணவர்களைத் தேடுவார்கள் என்று தெரியும். அவர்கள் எங்களைவிட வசதியானவர்களாக இருக்கப் போவதில்லை. அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறோம். போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் எழுத்துருவை வாங்கும்போது மூன்று கேள்வியாவது கேளுங்கோ. கடன் கொடுத்தவர் எத்தனையாம் காட்சியில் வருவார்? வட்டி எவ்வளவு என்று யார் சொல்லுவினம்? நாடகம் முடிய சனத்துக்குக் கதைக்க எவ்வளவு நேரம்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், நீங்கள் நடிக்கப் போவது எந்தப் பாத்திரமாக இருந்தாலும், செய்யப் போவது அறவீட்டு வேலை.

நாங்கள் அந்த ஊருக்குத் திரும்பப் போகிறோம். பதாகை இல்லாமல், பஸ்ஸில். மாதர் சங்கத்தில் கேட்டிருக்கிறோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். நாடகம் இன்னும் எழுதவில்லை. முதலில் போய் இருந்து கேட்கப் போகிறோம். யார் யார் மேடைக்கு வர வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் சொல்லட்டும்.

அன்றைக்கு அக்காவின் கொப்பியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். "கொப்பியைத் தாங்கோ, நாளைக்கு வியாழன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.